கிராப்ட்ரீ வீட்டுக் களிம்பு

2009ஆம் ஆண்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, மிதம்ஷா ஊரின் பழைய நூற்பாலையில், மூன்றாம் மாடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கணினியிலிருந்து, செம்பில் பிடிக்கிற பச்சைக் களிம்பு வெளியே வந்து, படியிறங்கி, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, ராட்னி கிராப்ட்ரீயின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தூரம் ஒன்றே கால் மைல். பிடித்த நேரம் இரண்டரை மணி. பாலத்தடியில் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்தார். ஒரு விரல் அகலம் இருந்தது என்றும், நடுவில் நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் வெள்ளைப் பொடி என்றும் பிறகு எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னார். வழியில் தேவாலயத்தின் பித்தளைக் கைப்பிடி இருந்தது. மதுக்கடையின் செம்புக் குழாய் இருந்தது. களிம்பு இரண்டையும் தொடவில்லை. ஹாலிஃபாக்ஸ் பேருந்து போகும்வரை சாலையோரம் நின்றது. பிறகு மேடேறி, கிராப்ட்ரீ வீட்டு வாசற்கதவில் சிங்கமுகம் வைத்த, கதவைத் தட்டுகிற பித்தளை வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரர் அப்போது மதியச் சாப்பாட்டில் இருந்தார்.

அதை அனுப்பியது ஏவிஸ் ஹோல்ராய்டுதான் என்று ஊரில் பாதிப் பேர் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவள் அதற்கு எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்கிய களிம்பு மாடிக் கதவருகே வந்து நின்றபோது, தூசி தட்டிக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தாள். அவ்வளவுதான்.

ஏவிஸுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. 1983இல் பெல்வெதர் என்ற கணினிக் கம்பெனி அந்த ஆலைக் கட்டடத்துக்குள் வந்தபோது, வேலையில்லாமல் இருந்த நெசவாலைப் பெண்களில் முப்பத்தொரு பேரை எடுத்துக்கொண்டது. விரல் வேகமானவர்கள் என்பதால் எடுத்தோம் என்று செய்தித்தாளில் போட்டார்கள். அந்த முப்பத்தொரு பேரும் எட்டு வருடம் ஒரே வரிசையில் உட்கார்ந்து கணினிப் போர்டுகளில் பாகங்களை ஒட்ட ஈயம் உருக்கி வைத்தார்கள். புகை போக ஜன்னல் கேட்டார்கள். குளிர்காலத்தில் ஜன்னல் எதற்கு என்று கேட்டது நிர்வாகம். 1991இல் கம்பெனியை மூடுகிற செய்தியை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்ன குரல் உற்பத்தி மேலாளர் ராட்னி கிராப்ட்ரீயுடையது. கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்றும் அந்தக் குரல் சொன்னது. முடித்தார்கள். கடைசியாக வரிசையில் வந்த போர்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில், அழியாத மையில், முப்பத்தொரு பேரும் பெயரெழுதினார்கள். கம்பெனியின் காகிதங்களெல்லாம் பிறகு எரிக்கப்பட்டன. அந்த முப்பத்தொரு பேர் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியது அந்தப் போர்டின் அடிப்பக்கம் ஒன்றுதான்.

ஏவிஸ் அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தாள். கிராப்ட்ரீ வேறு கம்பெனிக்குப் போய், நன்றாக இருந்து, ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பி, அதே ஆலையின் மூன்றாம் மாடியில் பழைய கணினிகளுக்கு ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். முந்நூற்று நாற்பது கணினிகள் சேர்ந்தன. பெயர்கள் எழுதிய போர்டு உள்ளே இருந்த பெல்வெதரின் கடைசிக் கணினிக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. ஊதியம் இல்லாத வேலைக்கு ஆள் தேவை என்று பலகை வைத்தார்கள். ஏவிஸ் போனாள். அவளுக்குத் தேநீர் போடுகிற வேலையும் தூசி தட்டுகிற வேலையும் தந்தார்கள்.

முதல் வாரமே அவள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அந்தக் காலத்துக் கணினிகளில் பலவற்றுக்கு உள்ளே, சுண்டுவிரலின் ஒரு கணு அளவில், ஒரு பேட்டரி போர்டோடு சேர்த்து ஈயம் வைக்கப்பட்டிருக்கும். கணினியை அணைத்த பிறகும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. பத்து வருடம் போனால் அது அழத் தொடங்கும். அந்தக் காரநீர் செம்புக் கோடுகளின் வழியே, மேல்பூச்சுக்கு அடியில், சத்தமில்லாமல் ஊர்ந்து தின்றுகொண்டே போகும். தடுக்க ஒரே வழிதான்: கசியும் முன்பே வெட்டி எடுத்துவிடுவது. ஒரு கட்டிங் பிளேயரும் ஐந்து நிமிடமும் போதும். கணினி தேதியை மறந்துபோகும். அதைத் தவிர ஒரு குறையும் வராது. இதையெல்லாம் எழுதி 2000ஆம் ஆண்டு அறங்காவலர் குழுத் தலைவருக்கு ஏவிஸ் ஒரு கடிதம் கொடுத்தாள். பொருள்களின் மூல நிலையில் கைவைப்பதில்லை என்பது குழுவின் கொள்கை என்று பதில் வந்தது. தலைவர் கிராப்ட்ரீ ஒவ்வொரு கணினியின் மூடியிலும் எண் போட்ட முத்திரைத் தாள் ஒட்டித் தன் கையெழுத்தையும் போட்டார். ஏவிஸ் வருடத்துக்கு ஒன்று வீதம் கடிதம் கொடுத்தாள். ஒன்பது கடிதங்கள்.

நடுவில் ஒருமுறை, 2003இல், பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்திருந்த நாளில், ஒரு கணினியின் காற்றுத்துளையில் பச்சை தெரிவதைப் பார்த்து அவள் திருப்புளியை எடுத்தாள். கிராப்ட்ரீ பிள்ளைகளுக்கு நடுவே வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"ஏவிஸ், நீங்க வரிசையில உக்காந்து ஈயம் வச்ச பொம்பளை. இன்ஜினியர் இல்ல. இனிமே தொடாதீங்க, என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிள்ளைகளும் சிரித்தார்கள். ஏவிஸ் போய்ப் பன்னிரண்டு பேருக்குத் தேநீர் போட்டாள். அன்றிலிருந்து அவள் கோபம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. காலையில் அவளோடு எழுந்தது, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது கத்தியில் இருந்தது. சத்தம் போடுகிற கோபமாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும் என்று அவளோடு வரிசையில் இருந்த நஸ்ரீன் சொல்வாள்.

களிம்பு புறப்பட்ட நாளில் நடந்தது இவ்வளவு. ஏவிஸ் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது பெல்வெதரின் அடியிலிருந்து ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். அலுவலகத் தொலைபேசியில் கிராப்ட்ரீயைக் கூப்பிட்டாள்.

"கடைசி பெல்வெதர் கசிய ஆரம்பிச்சிருச்சு. கண்ணாடிப் பெட்டிச் சாவியக் கொண்டு வாங்க. இன்னைக்கே வெட்டி எடுத்தாகணும்."

"பதட்டப்படாதீங்கம்மா. செம்புன்னா கொஞ்சம் பச்சை வரும். அதுக்குன்னே ஒரு அழகு இருக்கு. வயசான பொருளுக்கு வயசு தெரியட்டுமே."

"உள்ள எங்க பேரு இருக்கு."

"யாரும் பாக்க முடியாத இடத்துல இருக்கிற பேரு, ஏவிஸ். டீ ஆறுது, வைக்கிறேன்."

அவள் திரும்பி வந்து உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்தாள். கண்ணாடி சூடானது. பெட்டியின் மூலையிலிருந்து களிம்பு இறங்கி வந்தது. மற்றது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் முடிவதற்குள் கிராப்ட்ரீ வீட்டில் செம்பும் பித்தளையும் இருந்த இடமெல்லாம் பச்சை ஏறியது. குழாய்த் திருகுகள், அழைப்புமணி, மின்விளக்குகளின் கம்பிகள், அவருடைய மேல்கோட்டுப் பொத்தான்கள். கெட்டிலில் கொதித்த தண்ணீர் நாக்கில் சுள்ளென்றது. குழாய் வேலைக்காரர் வந்து சமையலறைக் குழாய் முழுவதையும் மாற்றினார். அவர் கருவிகளைப் பையில் போட்டு மூடுவதற்குள் புதுக் குழாய் பச்சையாகிவிட்டது. அவர் இன்னொரு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, தன் பையில் இருந்த பித்தளைத் துண்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். லீட்ஸிலிருந்து ஒரு ரசாயனப் பேராசிரியர் வந்து சுரண்டி எடுத்துச் சோதித்தார். பழைய கணினிப் பேட்டரியிலிருந்து வருவதேதான், ஆனால் இந்த அளவுக்கு நாற்பதாயிரம் பேட்டரிகள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாலரை மணி ரயிலைப் பிடித்தார். இரண்டு பக்கமும் ஒரே சுவரைப் பங்குபோட்ட அண்டை வீடுகளில் ஒரு ஊசிமுனை அளவுகூடப் பச்சை இல்லை. அதனால் அண்டை வீட்டுக்காரர்கள் அனுதாபம் தெரிவித்தார்கள்.

ஏப்ரலில் அறங்காவலர் குழு கூடி ஏவிஸை வரச்சொன்னது. ஐந்து பேர் மேசைக்கு அந்தப்பக்கம். அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்; அவள் உட்காரவில்லை. துணைக்கு வந்த நஸ்ரீன் அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"இதை எப்படி நிறுத்தறதுன்னு உங்களுக்குத் தெரியும்னு ஊர்ல பேசிக்கிறாங்க" என்றார் கிராப்ட்ரீ. கழுத்துப்பட்டையைப் பிடிக்கும் ஊசி பச்சையாகி, சட்டையில் கறை பிடித்திருந்தது.

"ஒம்பது தடவை எழுதிக் கொடுத்தேன்."

"நான் கேக்கறது என் வீட்டைப் பத்தி."

"நான் சொல்றது மெஷினைப் பத்தி. முந்நூத்தி நாப்பதையும் திறக்கணும். எல்லாப் பேட்டரியையும் வெளிய எடுக்கணும். நாங்கதான் எடுப்போம், வரிசையில இருந்தவங்க. வேற யாரும் கை வைக்கக்கூடாது."

"இது மிரட்டல்."

நஸ்ரீன் நாற்காலியில் சாய்ந்தாள். "மிரட்டலா? ஏன் சார், ஒலிபெருக்கியில சொன்னாத்தான் உங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

மேசைக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள். வாக்கெடுப்பில் நான்கு பேர் திறக்கலாம் என்றார்கள். தலைவர் மறுத்தார். அருங்காட்சியகத்தின் சாவிகள் தலைவரிடம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. கிராப்ட்ரீ அவற்றைத் தன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவிகள் பித்தளையில் செய்தவை. பெட்டிக்குள் அவையும் பச்சையாகிக்கொண்டிருந்தன.

மே மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் கிராப்ட்ரீயின் மனைவி மியூரியல், பிஸ்கட் டப்பா ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஏவிஸின் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வருடத்தில் அந்தத் தெருவுக்கு அவள் வந்தது அதுதான் முதல் முறை. டப்பாவுக்குள் சாவிகள் இருந்தன. அவளுடைய கல்யாண மோதிரத்தைச் சுற்றி விரலில் பச்சை வளையம் விழுந்திருந்தது. ஒன்பது காரட் தங்கம், மீதி செம்பு.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஏவிஸ்.

"தெரியாது. நாளைக்குத் தெரிஞ்சுக்குவாரு." மியூரியல் வாசலிலேயே நின்றாள். "ஏவிஸ், நீ எழுதின லெட்டர் எல்லாம் நான்தான் எங்க வீட்டுத் தபால்பெட்டியிலேருந்து எடுத்து அவர் மேசையில வைப்பேன். ரெண்டுக்கு மேல அவர் பிரிக்கல. மீதிய நான் படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"படிச்சிட்டுத் திரும்ப ஒட்டி வச்சேன்."

ஏவிஸ் டப்பாவை வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. மியூரியலும் எதிர்பார்க்கவில்லை, அன்று மாலையே ஸ்கிப்டனில் இருந்த தங்கையின் வீட்டுக்கு ரயிலேறினாள். அங்கே தண்ணீர் தண்ணீராக இருந்தது.

முப்பத்தொரு பேரில் உயிரோடும் நடக்கும் நிலையிலும் இருந்த எட்டு பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் மாடியில் மேசைகளை நீளமாகப் போட்டு, பழைய ஒழுங்கிலேயே உட்கார்ந்தார்கள். இல்லாதவர்களின் இடத்தைக் காலியாக விட்டார்கள். முதலில் எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். முத்திரைத் தாளைக் கிழிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. திருகுகளைக் கழற்றி, போர்டை எடுத்து, பேட்டரியின் கால்களை அதன் உடம்பை ஒட்டி வெட்டி, இழுக்காமல் தூக்கினார்கள். இழுத்தால் செம்புக் கோடும் கூடவே வந்துவிடும். கசிந்த இடத்தில் மீன்-சிப்ஸ் கடையிலிருந்து வாங்கி வந்த வெள்ளை வினிகரைத் தொட்டார்கள். அது நுரைத்து அடங்கியது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, எரிசாராயத்தால் துடைத்து, ஜன்னலோரம் உலரவைத்தார்கள். வெட்டிய பேட்டரிகளை மணல் போட்ட வாளியில் சேர்த்தார்கள். பழுப்பு வினிகர் கூடாது, அதில் சாயம் இருக்கிறது என்று ஏவிஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆறு வாரத்துக்கு ஊரில் அந்தக் கடைக்காரர் வினிகர் இல்லாமல்தான் சிப்ஸ் விற்றார். யாரும் குறை சொல்லவில்லை.

முந்நூற்று நாற்பதில் இருநூற்றுப் பன்னிரண்டு கசிந்திருந்தன. அறுபத்தொன்று இனி எழவே எழாது. செத்த ஒவ்வொன்றுக்கும் ஏவிஸ் ஒரு அட்டையில் எழுதிக் கட்டினாள்: முதல் கடிதம் கொடுத்த அன்றே திறந்திருந்தால் பிழைத்திருக்கும். அறுபத்தொரு அட்டையிலும் அதே வரி. வேறு மாதிரி எழுதலாமே, பார்க்க வருகிறவர்கள் சங்கடப்படுவார்களே என்று ஒரு அறங்காவலர் கேட்டார். சங்கடப்படட்டும் என்றாள்.

பெல்வெதரைக் கடைசியாகத் திறந்தார்கள். எட்டு பேரும் எழுந்து நின்றார்கள். பேட்டரி இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பூ மலர்ந்திருந்தது. அதன் காம்புகள் துளைகளின் வழியே அடிப்பக்கம் இறங்கியிருந்தன. ஏவிஸ் போர்டைத் திருப்பினாள். முப்பத்தொரு பெயர்களில் ஒன்பது இருந்தன. மீதி இடமெல்லாம் பூச்சு உரிந்து, களிம்பு கட்டி, கையெழுத்தெல்லாம் பொடியாகக் கிடந்தது. 2004இல் மூச்சு முட்டிச் செத்துப்போன ஈனிட்டின் பெயர் இல்லை. நஸ்ரீனின் பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும் இருந்தன. ஏவிஸ் ஹோல்ராய்ட் என்ற பெயர் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக, நேற்று எழுதியதுபோல் இருந்தது. அவள் அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள்.

"பாதியாவது மிஞ்சினேனேடீ" என்றாள் நஸ்ரீன். "எங்க வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடறதே அவ்வளவுதான்."

பேனா இருக்கிறது, போனவர்களின் பெயரை மறுபடி எழுதிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள்.

"வேண்டாம்" என்றாள் ஏவிஸ். "ஈனிட் எழுதினது ஈனிட் கையெழுத்து. நான் எழுதினா அது என் கையெழுத்து. அவ போயிட்டா, அந்தப் பேரும் போயிடுச்சு. இல்லாததை இருக்குன்னு காட்ட வேண்டாம்."

அவள் உட்கார்ந்து பேட்டரியை வெட்டினாள். வினிகர் நுரைத்தது. ஒரு மணி நேரம் தேய்த்தாள். போர்டை இனிக் கணினிக்குள் வைப்பதில்லை என்று முடிவுசெய்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி கண்ணாடிப் பெட்டியில் சாய்த்து வைத்தார்கள்.

பேட்டரிகளெல்லாம் வெளியே வந்ததும் கிராப்ட்ரீ வீட்டுக் களிம்பு இறங்கிவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது. இறங்கவில்லை. ஜூலையில் அது அவருடைய கைகளில் ஏறியது. முதலில் நகக்கண், பிறகு விரல் இடுக்கு, பிறகு மணிக்கட்டுவரை. மருத்துவர் மூன்று விதமான தைலம் எழுதிக் கொடுத்தார். மியூரியல் ஸ்கிப்டனிலிருந்து திரும்பவில்லை. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, கையுறை போட்டுக்கொண்டு, பேருந்தில் வந்து கிராப்ட்ரீ ஏவிஸின் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றவும் அவருக்கு விரல் மடங்கவில்லை.

ஏவிஸ் அவரைப் பார்த்தாள். கதவைச் சாத்தலாம் என்று நினைத்தாள். நினைத்ததை அவர் முகத்துக்கு நேராகவே கொஞ்ச நேரம் நினைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சமையலறை மேசையில் கிண்ணத்தை வைத்து வினிகரை ஊற்றினாள். அவர் பின்னாலேயே வந்து உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். அவள் இடது கையைப் பிடித்து, பிரஷை எடுத்து, கசிந்த போர்டைத் தேய்ப்பதுபோலவே தேய்த்தாள். நுரை வந்தது. அவர் பல்லைக் கடித்தார்.

"எனக்குத் தெரியாது, ஏவிஸ். இவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லாதீங்க. ஒம்பது தடவை தெரியப்படுத்தினேன். தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தீங்க. அது வேற."

"நீங்க சொன்னா..." என்று அவர் தொடங்கி நிறுத்தினார். "வேற யாராவது இன்ஜினியர் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

"தெரியும். அதைத்தான் இத்தனை வருஷமா நான் மென்னுக்கிட்டு இருக்கேன்."

"மன்னிச்சுடுங்க."

"மாட்டேன். அந்தக் கையைக் கொடுங்க."

தண்ணீரில் கழுவி, எரிசாராயம் தொட்டுத் துடைத்து, துண்டை அவர் மடியில் போட்டாள். கை சுத்தமாக, குழந்தைக் கைபோல் சிவந்திருந்தது. அவர் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். எப்போது இது முழுதாகப் போகும் என்று கேட்டார். தனக்குத் தெரியாது என்றாள் ஏவிஸ், அது உண்மை. ஆறு நாளில் பச்சை திரும்பி வந்தது. ஏழாவது நாள் திங்கட்கிழமை, அவரும் வந்தார்.

அதற்குப் பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை ஒன்பதரைப் பேருந்தில் கிராப்ட்ரீக்கு ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையை விட்டுவைப்பார்கள். அறங்காவலர் தலைமை ஏவிஸுக்கு வந்தது. பேட்டரி உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் வாசற்படி ஏறக்கூடாது என்பது அவள் போட்ட முதல் விதி. மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து ஆள்கள் வந்து வெட்டுவதற்குக் கற்றுக்கொண்டு போனார்கள். பாடம் நடக்கும் அறையின் சுவரில் அவளுடைய ஒன்பது கடிதங்களும் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. ஏழு கடிதங்களின் உறைகளில் இரண்டாம் முறை ஒட்டிய பசை தெரிந்தது. களிம்பு ஏறிய வீட்டை மாநகராட்சி ஒருமுறை அளந்துவிட்டுப் போய், வீட்டின் நிறம் என்ற கட்டத்தில் பச்சை என்று எழுதியது. மேசையில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்களா என்று நஸ்ரீன் கேட்டபோது, மழையைப் பற்றியும் முட்டைக்கோஸைப் பற்றியும் பேசுவோம் என்றும், சில நாள் திட்டுவேன் என்றும் ஏவிஸ் சொன்னாள். கோபம் குறைந்ததா என்று கேட்டதற்கு, எதற்குக் குறையவேண்டும் என்று திருப்பிக் கேட்டாள்.

2016 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை கிராப்ட்ரீ வரவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தொலைபேசியை எடுக்கவில்லை. ஏவிஸ் மேல்கோட்டைப் போட்டு, வினிகர்ப் புட்டியையும் பிரஷையும் துண்டையும் பையில் வைத்து, பனியில் பாலத்தைத் தாண்டி மேடேறிப் போனாள். வாசற்கதவு பூட்டாமல் இருந்தது. அவர் மாடியில் காய்ச்சலில் படுத்திருந்தார். போர்வைக்கு மேல் இரண்டு கைகளும் முழங்கைவரை பச்சையாகக் கிடந்தன.

"வரமுடியலன்னா ஒரு போன் பண்றதுக்கு என்ன?" என்றாள். "மனுஷி காத்துக்கிட்டு இருக்கமாட்டாளா?"

"எழுந்திருக்க முடியல, ஏவிஸ்."

"எழுந்திருக்க யார் சொன்னது."

அவள் மேல்கோட்டைக் கழற்றாமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புட்டியைத் திறந்தாள். அவர் கையை நீட்டினார்.